தம்பி, ஷிப்டுக்கு என்ன வண்டி எடுக்கப் போறே?

கார்த்திகை மழை ஓய்ஞ்சதும் நம்ம பக்கம் பனி இறங்கிடும். மார்கழியோட போயிடும்னு கணக்குப் போடாதே. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க? நெய்வேலி காலை ஷிப்டுக்காக முத்தாண்டிக்குப்பத்துல இருந்து விடியறதுக்கு முன்னாடியே கிளம்பப் போறவன் நீ. பனி உச்சத்துல இருக்கிற நேரமும் அதேதான். மழைத்தண்ணி ஊறின மண், மேகம் இல்லாத வானம், காத்தே வீசாத ராத்திரி, இந்த மூணும் சேர்ந்தா தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டின காத்துல இருக்கிற ஈரம் அப்படியே மூட்டமாகும். முந்திரித் தோப்பு ஓரமா வரும்போது ரோடு நல்லாத் தெரியும். தோப்பு முடிஞ்சு ஏரிக்கரை, கரும்பு வயல்னு திரும்பின உடனே முன்சக்கரமே தெரியாது.

அதனால வண்டி வாங்குறதுக்கு முன்னாடி உன் கூட்டாளிங்க சொல்ற "எத்தனை சிசி, எவ்வளவு பிக்கப்" கதையெல்லாம் ஓரமா வை. வெளிச்சம், பிரேக், டயர், இந்த மூணையும் முதல்ல பாரு.

வெளிச்சத்துல இருந்து ஆரம்பிக்கிறேன். பழைய 100 சிசி வண்டி குறைஞ்ச விலைக்கு வருதுன்னு யாராவது கூப்பிட்டா, பகல்ல போய்ப் பார்க்காதே, இருட்டினதுக்கு அப்புறம் போ. ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை விட்டுட்டு ஹெட்லைட்டைப் பாரு, அப்புறம் முறுக்கிப் பாரு. முறுக்கும்போது பளிச்சுன்னும் விட்டதும் மங்கலாவும் எரிஞ்சா, அந்த லைட்டு பேட்டரியில ஓடலை, மேக்னட்டுல இருந்து நேரா ஓடுது. பனியில நீ மெதுவாத்தானே போவே? மெதுவாப் போகப் போக லைட்டும் குறைஞ்சுக்கிட்டே வரும். வெளிச்சம் வேணும்கிற நேரத்துல கைவிடுற வண்டி நமக்கு எதுக்கு? இதுக்கு மருந்துன்னு சில மெக்கானிக்குங்க 100 வாட் பல்பு மாட்டி விடுவாங்க. சம்மதிக்காதே. 35 வாட்டுக்குச் செஞ்ச ஹோல்டரும் வயரும் அந்தச் சூட்டைத் தாங்காது, எதிர்ல வர்றவனுக்கும் கண்ணு கூசும்.

அடுத்தது பிரேக். 125 சிசிக்கு மேல இருக்கிற வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம்னு 2018, 2019-லயே கொண்டு வந்துட்டாங்க. 125-ம் அதுக்குக் கீழேயும் இருந்தா, ஒரு பிரேக்கைப் பிடிச்சாலே ரெண்டு சக்கரத்துலயும் பிடிக்கிற சிபிஎஸ் இருந்தாப் போதும்னு அப்போ விட்டுட்டாங்க. நிலக்கரி, சாம்பல் லாரி போற ரோட்டுல சிந்துற தூளு மேல பனி விழுந்தா மாவு கரைச்சு ஊத்தின மாதிரி வழுக்கும். அதுல முன்சக்கரம் லாக் ஆச்சுன்னா கையை ஊணக்கூட நேரம் கிடைக்காது. காசு இடம் கொடுத்தா ஏபிஎஸ் வண்டி எடு. இல்லைன்னா முன்னாடி டிஸ்க் இருக்கிற 125 எடு.

டயர் விஷயத்துல நான் பிடிவாதக்காரி. டியூப்லெஸ் இல்லாத வண்டி ராத்திரி ஷிப்டுக்கு வேண்டாம். ஆணி ஏறினாலும் காத்து மெதுவாத்தான் இறங்கும், ஆள் நடமாட்டம் இருக்கிற இடம் வரைக்கும் ஓட்டிடலாம். ராத்திரி பதினோரு மணிக்கு முந்திரிக்காட்டு ஓரத்துல பஞ்சர் கடையைத் தேடி வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போறது ஆம்பளைக்கே ஆகாது, பொண்ணுங்களுக்குச் சொல்லவே வேணாம். சக்கரமும் பெருசா இருக்கட்டும். ஸ்கூட்டரோட 10, 12 இஞ்ச் சக்கரம் டவுன்ஷிப் பிளாக் ரோட்டுக்கு அருமையா இருக்கும். நம்ம ஊரு குழியை இருட்டுல கடக்க 17, 18 இஞ்ச் வேணும்.

ஷிப்டு மட்டும்தான் வேலைன்னா இத்தோட முடிச்சிருப்பேன். ஆனா நம்ம வீட்டுக்கு ஒரே வண்டி. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும், பண்ருட்டி மார்க்கெட்டுக்குப் பலாப்பழம் ஏத்தணும், சித்திரையில தோப்புல இருந்து முந்திரிக்கொட்டை மூட்டை கொண்டு வரணும். மூட்டைக்கு எக்ஸ்எல்லை அடிச்சுக்க வண்டி கிடையாது, ஒத்துக்கிறேன். ஆனா விடியற்காலை மெயின் ரோட்டுல பஸ்ஸும் லாரியும் முதுகுல ஏற வர்றப்போ அதோட வேகமும் பிரேக்கும் பத்தாது. நீ போட்டோ அனுப்பினியே எக்ஸ்பல்ஸ், அது செம்மண் தடத்துல குதிச்சுப் போற வண்டிதான். தரையில இருந்து 220 மில்லிமீட்டர் உயரம். சீட்டு 825 மில்லிமீட்டர்ல இருக்கு. முட்டிவலியோட அம்மா அதுல எப்படிடா ஏறுவாங்க? ஸ்ப்ளெண்டர் சீட்டு 785 தான். அந்த நாலு சென்டிமீட்டரோட, ஏறினதுக்கு அப்புறம் உட்கார நீளமான சீட்டும் பிடிச்சுக்கக் கைப்பிடியும் இருக்கான்னு பாரு. என் ஓட்டு 125 சிசி சாதா வண்டிக்குத்தான். பார்க்க ஹீரோ மாதிரி இருக்காது, இருந்துட்டுப் போகட்டும்.

இனி ஓட்டுற விஷயம். பனியில டிம்முல போடு. பிரைட்ல போட்டா வெளிச்சம் பனித்துளியில பட்டு உன் கண்ணுக்கே திரும்பி வரும். லைட்டு மேல மஞ்சப் பேப்பர் ஒட்டுறாங்களே, அதனால வெளிச்சம் குறையுமே தவிர பனி விலகாது. நடுக்கோட்டை நம்பாதே, எதிர்ல வர்றவனும் அதையேதான் பிடிச்சுக்கிட்டு வருவான். இடது ஓரத்து வெள்ளைக்கோடு உன் கண்ணுல இருக்கட்டும். முன்னாடி போற லாரியோட சிவப்பு லைட்டைப் பிடிச்சுக்கிட்டே போறதும் ஆகாது. அவன் பள்ளத்துல இறங்கினா நீயும் இறங்குவே.

வேகத்துக்கு ஒரு கணக்குச் சொல்றேன். 60-ல போறப்போ கண்ணு பார்த்து கை பிரேக்கைப் பிடிக்க ஒன்றரை நொடி ஆகுதுன்னு வை, அதுக்குள்ள 25 மீட்டர் ஓடியிருப்பே. காஞ்ச ரோடா இருந்தாக்கூட முழுசா நிக்க 50 மீட்டர் கிட்ட வேணும். 40-ல போனா 30-க்குள்ள நின்னுடலாம். உன் டிம் லைட்டு காட்டுறதே ஏறக்குறைய அவ்வளவுதான். பனி கெட்டியா இருந்தா 20-தான். லேட்டானா ஆகட்டும், அரை நாள் லீவு போட்டுக்கோ.

இந்தப் பனி மாசங்கள்ல நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ராத்திரி பூரா போகும். பாதி டிரெய்லருக்குப் பின்னாடி லைட்டே இருக்காது. அதுகூடப் பரவாயில்லை, கரும்போட நுனி டிரெய்லருக்கு வெளியே ஒரு ஆள் நீளத்துக்கு நீட்டிக்கிட்டு இருக்கும், அதுவும் நம்ம முகத்து உயரத்துக்கு. டிராக்டர் சத்தம் காதுல விழுந்ததுமே வேகத்தைக் குறைச்சிடு, கண்ணுல படட்டும்னு காத்திருக்காதே. தைப்பூசத்தை ஒட்டி வடலூர் ஜோதி தரிசனத்துக்கு ராத்திரியெல்லாம் ரோட்டோரமா நடந்து போவாங்க, அசந்தவங்க ஓரத்துலயே துண்டு விரிச்சுப் படுத்திருப்பாங்க. அந்த ரெண்டு மூணு நாளைக்கு மட்டும் இடது ஓரத்துல ஒட்டிப் போகாதே, வேகத்தை இன்னும் குறைச்சுட்டுக் கொஞ்சம் உள்ள தள்ளி வா. அறுவடை முடிஞ்சா ரோட்டுலயே வைக்கோல் பரப்பியிருப்பாங்க. பனியில நனைஞ்ச வைக்கோல்ல பிரேக்கைத் தொடாதே, ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு நேரா உருட்டிட்டுப் போ.

குளிருக்கு ஸ்வெட்டர் மட்டும் போதாது, வண்டியில போனா காத்து அதுக்குள்ள பூந்துடும். ஸ்வெட்டருக்கு மேல ரெயின்கோட் சட்டையைப் போட்டுக்கோ, செலவில்லாத ஜெர்கின் அது. மப்ளரைத் தொங்க விடாம சட்டைக்குள்ள சொருகு. பின்னாடி உட்கார்றவங்க முந்தானைக்கும் இதேதான். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட், கண்ணாடி வெள்ளையா இருக்கணும், கூலிங் கண்ணாடி கூடாது. மூச்சு பட்டு அது மங்குதுன்னா, பாத்திரம் விளக்குற லிக்விட் ஒரு சொட்டு உள்பக்கம் தடவி, காஞ்ச துணியால நல்லாத் துடைச்சு எடு. ஒரு ஷிப்டுக்குத் தாங்கும். முதுகுல ஒளிரும் பட்டை வச்ச கோட்டு போட வெட்கப்படாதே.

ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வர்றப்போ கண்ணு சொருகினா ஆர்ச் கேட் பக்கமே ஒரு டீ குடி, அப்பவும் சொருகினா வண்டியை அங்கேயே விட்டுட்டு பஸ் ஏறி வா. சாயங்காலம் போய் எடுத்துக்கலாம்.

ஷோரூம்ல டெலிவரி எடுக்கிற அன்னிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போ, பூஜை போடறதுக்காக மட்டும் இல்லை. பின்னாடி ஆள் உட்கார்ந்தா வண்டி பின்பக்கம் அமுங்கி ஹெட்லைட் மேல தூக்கிக்கும். சுவத்துக்கு நேரா வண்டியை நிறுத்தி, நீயும் அம்மாவும் ஏறி உட்கார்ந்து, டிம் வெளிச்சம் எவ்வளவு உயரத்துல விழுதுன்னு பார்த்து, அங்கேயே ஸ்க்ரூவைத் திருப்பிச் சரி பண்ணித் தரச் சொல்லு. அதுக்குக் காசு கேட்க மாட்டாங்க.