கொங்கு மண்ணில் கிடைக்கும் கண்ணாடிக்கல்: வானத்துச் சரக்கா, உலைச் சரக்கா?

சென்னிமலை, காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் உழவு ஓட்டும்போது கொழுவில் தட்டுப்படும் கற்கள் பலவகை. வெங்கச்சங்கல் வரும், சுக்கான்கல் வரும். எப்போதாவது கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ, உடைந்த பக்கம் பளபளவென்று மின்னும் ஒரு துண்டும் வரும். முன்பு அதை வரப்போரம் வீசிவிட்டு அடுத்த சாலுக்குப் போய்விடுவார்கள். இப்போது செல்போனில் படம் பிடித்து, இணையத்தில் 'பாலைவனக் கண்ணாடி' என்று விலைபோகும் கற்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் இந்த ஆசையைச் சுற்றி வளர்ந்திருக்கும் தவறான நம்பிக்கைகளால் கைக்காசு போகிறது. அதைவிட முக்கியமாக, கொங்கு நாட்டின் பழைய வரலாறு துண்டு துண்டாகப் பைக்குள் போய்விடுகிறது.

நம்பிக்கை: பாலைவனக் கண்ணாடி வானத்திலிருந்து விழுந்தது.

விழவில்லை. உருகியது நம் பூமியின் மண்தான். எகிப்தின் மேற்குக் கோடியில், லிபிய எல்லையை ஒட்டிய பெருமணல் கடலில் இளமஞ்சள் நிறத்தில் கிடக்கும் கண்ணாடிதான் இவற்றில் பெயர்பெற்றது. வயது ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் ஆண்டுகள். அதில் சுமார் 98 சதவீதம் சிலிக்கா, அதாவது சுத்தமான மணல். மோதிய விண்பொருளின் மிச்சம் ஆங்காங்கே கருங்கீற்றுகளாக, மிகச் சொற்ப அளவில்தான் இருக்கிறது. 1932இல் பேட்ரிக் கிளேட்டன் என்ற நில அளவையாளர் இதை வெளியுலகுக்குத் தெரியப்படுத்தினார். ஆனால் எகிப்தியருக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. பண்டைய எகிப்திய அரசன் துட்டன்காமனின் மார்புப் பதக்கத்தின் நடுவே இருக்கும் வண்டு இந்தக் கண்ணாடியில் செதுக்கியதுதான். 1922இல் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவர்டு கார்ட்டர் அதை வேறொரு மணிக்கல் என்றே நினைத்தார். கண்ணாடி என்று தெளிவானது 1990களில்.

செக் நாட்டில் கிடைக்கும் பச்சை நிற மால்டவைட்டும் பூமிச் சரக்குதான். சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியில், இன்று ரீஸ் பள்ளம் என்று சொல்லப்படும் இடத்தில் ஒரு விண்கல் மோதியபோது, உருகிய மண் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூக்கியெறியப்பட்டுச் செக் நாட்டில் போய் விழுந்தது.

நம்பிக்கை: விண்கல் நடுவானில் வெடித்தாலே கீழே மணல் கண்ணாடியாகிவிடும்.

1908இல் சைபீரியாவின் துங்குஸ்காவில் வானில் நடந்த வெடிப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் காட்டைச் சாய்த்தது. அங்கே கண்ணாடிப் படுகை எதுவும் உருவாகவில்லை. 2013இல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே சுமார் 20 மீட்டர் அகலமுள்ள விண்கல் வெடித்தபோது ஏறக்குறைய 1,500 பேர் காயப்பட்டார்கள். பெரும்பாலோரைக் கிழித்தது வீட்டு ஜன்னல் கண்ணாடிதான். தரை உருக வேண்டுமானால் தீக்கோளமே தரைவரை இறங்கி வர வேண்டும். சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில் 12,000 ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் நடந்தது என்று 2021இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அங்குள்ள கண்ணாடியில் வால்நட்சத்திரத் தூசிக்கு உரிய கனிமத் துகள்கள் சிக்கியிருக்கின்றன. எகிப்தின் கண்ணாடியும் வான்வெடிப்பில் பிறந்ததுதான் என்று பலர் நம்பிவந்தார்கள். மிகப் பெரும் அழுத்தத்தில் மட்டுமே உண்டாகும் ரெய்டைட் என்ற கனிமம் அங்கே இருந்ததற்கான தடயத்தை 2019இல் கண்ட பிறகு, தரையில் நேரடி மோதலே நடந்திருக்கும் என்ற பக்கம் சான்று சாய்ந்திருக்கிறது.

நம்பிக்கை: கறுப்பாகப் பளபளத்து, காந்தமும் ஒட்டினால் அது விண்கல் கண்ணாடிதான்.

கொங்குப் பகுதியில் மிக அதிகமாக ஏமாற்றுவது இந்தக் காந்தச் சோதனைதான். எகிப்தின் பாலைவனக் கண்ணாடியில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. மறுபக்கம், நம் ஊர்ப் பாறைகள் பலவற்றில் காந்த இரும்புக் கனிமம் இயல்பாகவே உண்டு. சேலம் கஞ்சமலையில் மலையளவு இருக்கிறது. ஆகவே காந்தம் ஒட்டுவதை வைத்து வானத்தைக் கைகாட்ட முடியாது.

அப்படியானால் காட்டில் கிடைப்பது என்ன? இரண்டில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கோவையைச் சுற்றியுள்ள பகுதியென்றால் பவுண்டரிக் கழிவு. பம்புக்கும் மோட்டாருக்கும் வார்ப்பு ஊற்றும் குப்போலா உலையில் இரும்பு, கோக் கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் போட்டு உருக்குவார்கள். மணலும் கரிச் சாம்பலும் சுண்ணாம்போடு கலந்து மேலே மிதந்து வரும். அதை வடித்து வெளியே விட்டுச் சட்டென்று ஆறினால் பாட்டில் பச்சையிலோ கறுப்பிலோ அசல் கண்ணாடியே கிடைக்கும். ஒரு துண்டை வெயிலில் பிடித்துப் பாருங்கள். உள்ளே பெரிதும் சிறிதுமாகக் காற்றுக் குமிழிகள், கடுகை விடச் சிறிய இரும்பு மணிகள், அந்த மணிகளைச் சுற்றித் துருவின் செம்மை. காந்தத்தை இழுப்பது அந்த மணிகள்தான்.

நொய்யல் கரையோரமாகக் கிழக்கே போனால் கதை வேறு. அங்கே கிடைக்கும் கிட்டம், அதாவது இரும்பு உலையின் கழிவு, இரண்டாயிரம் ஆண்டுப் பழசாக இருக்கக்கூடும். ஈரோடு மாவட்டத்தின் கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும், பின்னாளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் தமிழகத் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்திருக்கின்றன. இரும்பு உருக்கிய உலைகள், எஃகு செய்த மூசைகள், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள், அறுத்தும் துளையிட்டும் முடிக்காமல் விட்ட மணிகள் எல்லாம் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று பெயர் சொல்லும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர் கருத்து. பக்கத்துப் படியூரின் பச்சைக்கல்லும் சிவன்மலையின் நீலக்கல்லும் இங்கே மணிகளாகி, மேற்குக் கடற்கரைத் துறைமுகமான முசிறிக்கும் கரூருக்கும் இடையே ஓடிய பெருவழியில் போயின. கொங்கில் கிடைத்த ரோமானியக் காசுப் புதையல்கள் அந்த வணிகத்தின் மிச்சம்.

களிமண் மூசையில் இரும்பை அடைத்து, மணிக்கணக்காகத் துருத்தி ஊதியிருக்கிறார்கள். அந்தச் சூட்டில் மூசையின் மண்ணே உருகிக் கண்ணாடியானது. இரும்பு பிரித்தெடுத்த உலைகளின் அடியில் கிட்டம் வழிந்து தேங்கியது. அதில் கரித்துண்டின் அச்சுகூடச் சில சமயம் பதிந்திருக்கும். அந்தத் துண்டு எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில், எந்த ஓட்டோடு கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர் உலையின் காலத்தையும் சூட்டையும் தொழில்முறையையும் கணிக்கிறார். வானத்துக் கல் என்று நினைத்து நாம் பொறுக்கி வந்த நொடியில் அந்தச் சான்று அழிந்துவிடுகிறது. வீட்டு அலமாரியில் அது வெறும் கறுப்புத் துண்டு.

நம்பிக்கை: இந்தியாவில் இப்படி எதுவுமே கிடையாது.

உண்டு. மகாராஷ்டிரத்தின் லோணார் ஏரி, எரிமலைப் பாறையில் விண்கல் மோதி உண்டான பள்ளம். சுமார் 1.8 கிலோமீட்டர் அகலம். அங்கே உருகியது மணல் இல்லை, கரும்பாறை. அதனால் கண்ணாடியும் கறுப்பு. அது காப்புப் பகுதி, 2020 முதல் ராம்சார் ஈரநிலமும்கூட. அங்கிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது.

நமக்கு இன்னும் அருகில் ஒன்று உண்டு. பழனிமலையில் 1898இல் கண்டெடுத்த, கிட்டத்தட்ட 16 கிலோ எடையுள்ள கோடைக்கானல் இரும்பு விண்கல். அதன் இரும்புக்குள் சிலிக்கேட் திவலைகள் பொதிந்திருக்கின்றன, அவற்றில் கண்ணாடியும் இருக்கிறது. விண்கல் ஆய்வில் கோடைக்கானல் என்ற பெயர் உலகறிந்தது. இங்கே சொன்னவற்றில் இது மட்டும்தான் மெய்யாகவே வானத்துக் கண்ணாடி. எகிப்தின் கண்ணாடியைப் போல இது மோதலில் உருகிய மண் கிடையாது. அந்தக் கல் பூமிக்கு வருவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே, அது பிறந்த இடத்திலேயே உறைந்தது.

நம்பிக்கை: விண்கல்லில் இரிடியம் இருக்கும், கோடிக்கணக்கில் போகும்.

இதைச் சொல்லித்தான் பல குடும்பங்களை நடுத்தெருவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இடி விழுந்த கோபுரக் கலசம் இரிடியமாக மாறிவிட்டது, அரிசியை இழுக்கும் என்று சொல்லி முன்பணம் கறக்கும் கும்பல்களைத் தமிழகக் காவல்துறை பலமுறை கைது செய்திருக்கிறது. அதே பேச்சு இப்போது கறுப்புக் கல்லுக்கும் வந்துவிட்டது. விண்கற்களில் இரிடியம் இருப்பது உண்மை. ஆனால் சாதாரணக் கல் வகை விண்கல் ஒரு டன்னில் அது அரை கிராம் அளவுதான். இடி செம்பை உருக்கும், ஒருபோதும் இரிடியமாக்காது. எந்த உலோகமும் அரிசியை இழுக்காது. முன்பணம் கேட்பவர் எவராக இருந்தாலும் நேரே காவல் நிலையத்துக்குப் போங்கள்.

சந்தேகமான துண்டு கண்ணில் பட்டால் அது கிடக்கும் இடத்திலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலோ காசோ வைத்துப் படம் எடுங்கள். சர்வே எண்ணையும் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் பானை ஓடோ சுட்ட மண்ணோ தென்பட்டால் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். கண்ணெதிரே வானத்திலிருந்து விழுந்த கல் என்றால், 2008இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் 100 கிலோவுக்கு மேல் விழுந்ததைப் போல, அதைச் சேகரித்துப் பாதுகாக்கும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துடையது. வட்டாட்சியரிடம் சொன்னால் தகவல் அவர்களுக்குப் போய்ச் சேரும்.