வெண்கண்டலின் பரம்பரைச் செல்வம்

தூத்துக்குடிக் கடற்கரையின் உப்பங்கழிகளில் வளரும் வெண்கண்டல் மரத்தைத் தருவைகுளம் முதலிய கடலோரக் கிராமங்களின் சங்க அங்கத்தினர் அறிவர். சேற்றுக்கு மேலே வேர்களை நீட்டிச் சுவாசிப்பதும், உப்பை இலைகளின் வழியே வெளியேற்றுவதும் இம்மரத்தின் இயல்பு. இதன் வேர்களுக்கிடையே இறால், நண்டு, மடவை ஆகியவற்றின் குஞ்சுகள் ஒதுங்கி வளர்கின்றன. ஆகவே கண்டல் அழிந்தால் மீன்பிடிப்போரின் ஜீவனத்திற்கும் குறைவு நேரும். அழிந்த இடங்களில் கண்டலை மீண்டும் நடும் வேலை தமிழ்நாட்டுக் கடற்கரையில் பல இடங்களில் நடந்துள்ளது. அவ்வாறு நடுவதற்குரிய விதையை எத்தனை மரங்களிலிருந்து எடுப்பது என்பதே இப்பாடத்தின் விஷயமாகும்.

வேற்றுமை இருவகை

நீரோட்டமுள்ள கழியோரத்தில் கண்டல் உயர்ந்து வளரும். உப்பு மிகுந்த உட்பகுதியில் குட்டையாக நிற்கும். இவ்வேற்றுமைக்குக் காரணம் இரண்டு இருக்கக்கூடும். ஒன்று நிலமும் நீரும், மற்றொன்று பிறவி. இரண்டையும் பிரித்தறிய வழி உண்டு. இருவகை மரங்களின் காய்களையும் ஒரே நாற்றங்காலில், ஒரே மண்ணும் நீரும் கொடுத்து வளர்க்க வேண்டும். அங்கே மறைந்துபோகும் வேற்றுமை இடத்தால் வந்தது. நிலைத்து நிற்பது பரம்பரையாக வந்தது. சுவீடன் தேசத்துத் தாவர நூலறிஞர் தூரெசான் என்பவர் கடலோரத்திலும் உள்நாட்டிலும் வளர்ந்த காட்டுச் செடிகளை ஒரே தோட்டத்தில் வளர்த்துப் பார்த்தார். பல வேற்றுமைகள் அங்கும் மாறாதிருந்தன என்பதை 1922-ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

பரம்பரை வேற்றுமையின் பயன்

பரம்பரைக் குணங்களைத் தாங்கி நிற்பவை மரபணுக்கள். ஒரு தோப்பில் உள்ள மரங்கள் யாவும் ஒரே விதமான மரபணுக்களைக் கொண்டிருப்பின், ஒன்றைக் கொல்லும் பூச்சியோ உப்போ எல்லாவற்றையும் கொல்லக்கூடும். பலவிதமாயிருப்பின் சில தப்பிப் பிழைத்துத் தோப்பை மீண்டும் உண்டாக்கும்.

காட்டுச் செடிகளின் இச்செல்வம் பயிர்த்தொழிலுக்கும் உதவியுள்ளது. கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பார்பர், டி. எஸ். வெங்கட்ராமன் ஆகியோர் 'வெள்ளை' என்னும் கரும்பைப் பேய்க்கரும்புடன் இணைத்துக் கோ 205 என்னும் ரகத்தைக் கண்டனர். அது 1918-இல் வட இந்தியாவில் பயிருக்கு வந்தது. வெண்கண்டலின் மரபணு ஒன்றைச் சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் நெற்பயிரில் சேர்த்தனர். அந்நெல் சோதனையில் உப்பை அதிகமாகத் தாங்கியதை 2008-இல் வெளியிட்டனர்.

சிறு தோப்பின் ஆபத்து

கண்டற் பூக்களில் மகரந்தத்தைக் கொண்டு செல்பவை தேனீ முதலிய பூச்சிகள். ஒரு மரம் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதும் உண்டு. காய்கள் நீரில் மிதந்து செல்லினும், பெரும்பாலானவை தாய்மரத்துக்கு அருகிலேயே ஊன்றுகின்றன. ஆதலின் தனித்து நிற்கும் சிறு தோப்பில் உறவு மரங்களே தம்முள் கலக்கின்றன. அமெரிக்க அறிஞர் சீவால் ரைட் 1931-இல் இதற்கொரு கணக்குக் கூறினார். காய்க்கும் மரங்களின் தொகையை இரட்டித்தால் வரும் எண்ணில் ஒரு பங்கு வேற்றுமை ஒவ்வொரு தலைமுறையிலும் மறையும் என்பது அது. 10 மரங்களாயின் 20-இல் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 5. பத்துத் தலைமுறையில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு மறைந்துவிடும். 500 மரங்களாயின் அதே காலத்தில் மறைவது நூற்றுக்கு 1 பங்கே.

சங்கத்தின் மூலதனம் ஒருவருடைய பங்குப் பணத்தால் மாத்திரம் நிற்பதில்லை என்பதை அங்கத்தினர் அறிவர். தோப்பின் மூலதனமும் அத்தகையதே. நன்கு காய்த்த ஒரே மரத்தின் காய்களைக் கொண்டு ஆயிரம் கன்று நட்டாலும், அவை ஒரே தாயின் மக்களேயாகும். கண்ணுக்குக் காடு பெரிது. பரம்பரைச் செல்வமோ சிறிது.

கவனிக்க வேண்டியவை

1. 30-க்குக் குறையாத தாய்மரங்களிலிருந்து, ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பவையாகப் பார்த்து, சம அளவில் காய் சேகரிக்க வேண்டும். உயர்ந்தவற்றை மட்டுமின்றிக் குட்டையானவற்றையும் சேர்க்க வேண்டும்.

2. முதலில் அருகிலுள்ள தோப்புகளை நாட வேண்டும். அங்கே மரங்கள் மிகச் சிலவாயின், தாமிரபரணி கடலோடு சேரும் புன்னைக்காயல் போன்ற இதே கடற்கரையின் பிற தோப்புகளிலிருந்தும் காய் சேர்க்கலாம். தூரதேசத்து விதை இவ்விடத்து உப்புக்கும் வெயிலுக்கும் பழகியதன்று.

3. கண்டற் காயின் முளை மரத்திலிருக்கும்போதே வளரத் தொடங்குவதால், அதனை நெல்லைப் போல் உலர்த்திச் சேமித்தல் கூடாது. ஈரம் உலருமுன் ஊன்ற வேண்டும்.

4. மன்னார் வளைகுடாத் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த கடலும் 1986-இல் தேசியப் பூங்காவாக ஏற்பட்டன. ஆகையால் காய் எடுப்பதற்கும் நடுவதற்கும் முன்னதாக வனத்துறையாரின் அனுமதியைப் பெறுதல் அவசியம்.

5. எந்தத் தோப்பிலிருந்து, எத்தனை மரங்களில், எந்நாளில் காய் எடுக்கப்பட்டது என்பதைச் சங்கப் புத்தகத்தில் பதிந்துவைத்தல் வேண்டும். எவ்விடத்துக் கன்று நன்கு பிழைத்தது என்பதைப் பின்வருவோர் அதனால் அறிவர்.

நின்றிருக்கும் தோப்பைக் காப்பது புதிதாக நடுவதிலும் மேலானது. கன்றுகளை மீண்டும் நட்டுவிடலாம். மறைந்துபோன பரம்பரைக் குணத்தை எந்த நாற்றங்காலிலும் வளர்த்துத் தர இயலாது.