பழைய மாருதி வேன்: சாவியைத் திருகும் முன் பெடலை மிதியுங்கள்

1984-ல் 'மாருதி வேன்' என்று வந்து, 1988-ல் 'ஆம்னி' எனப் பெயர் மாறி, 2019-ல் உற்பத்தி நின்றுபோன வண்டி இது. மூன்று சிலிண்டர், 796 சிசி. எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். கார்புரேட்டர் காலத்து வேனை வீட்டில் வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் உடனே பட்டறைக்கு ஓடுகிறார்கள். பிரேக் சரியில்லை என்றாலோ இரண்டு மிதி மிதித்துச் சமாளிக்கிறார்கள். மதுரை ஒத்தக்கடையில் நான்குவழிச் சாலை ஏறினால் முன்னும் பின்னும் மேலூர், திருச்சி பஸ்கள்தான். ஓடாத எஞ்சினால் யாருக்கும் காயமில்லை. அதனால் பிரேக்கிலிருந்தே தொடங்குவோம்.

பிரேக்

சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, பெடலை அழுத்தி அரை நிமிடம் காலை எடுக்காமல் இருங்கள். கால் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் எங்கோ பிரேக் ஆயில் கசிகிறது. நான்கு சக்கரத்தின் உட்பக்கத்தையும் குழாய்களையும் பாருங்கள். வெளியே ஈரமே இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் தேய்ந்துவிட்டது. பஞ்சு போல அமுங்கினால் லைனில் காற்று. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் மேலே வந்து கெட்டியாக நின்றால், பெரும்பாலும் பின் டிரம்மில் லைனிங் இடைவெளி கூடியிருக்கிறது. அட்ஜஸ்ட் செய்தால் போதும். பெடல் கல் போல இருந்தும் வண்டி நிற்கவில்லையா? லைனிங் மழுங்கியிருக்கும், அல்லது எண்ணெய் பட்டிருக்கும். பூஸ்டர் உள்ள வண்டியில் வேக்குவம் ஹோஸையும் பாருங்கள்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்று இடது சக்கரத்தைப் பிரிப்பவர்கள் உண்டு. இடப்பக்கம் இழுத்தால் அங்கே பிரேக் பிடிக்கிறது என்று அர்த்தம். கோளாறை முதலில் வலப்பக்கம் தேடுங்கள்.

அதிகம் பிரேக் போடாமல் மெதுவாகக் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் கொதித்தால் அது பிரேக்கை விடவில்லை. ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டும் கொடுத்துவிட்டு, அந்தச் சக்கரத்தின் பிரேக் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சி உடனே சக்கரம் சுற்றினால், உள்ளே ஊறி அடைத்த ரப்பர் ஹோஸோ மாஸ்டர் சிலிண்டரோ காரணம். அப்போதும் சுற்றவில்லை என்றால் காலிபரோ வீல் சிலிண்டரோ இறுகியிருக்கும். பின்சக்கரம் என்றால் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாருங்கள்.

பிரேக் லைனில் உள்ள காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரத்துச் சக்கரத்தில் தொடங்குங்கள். ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். மூடிய பிறகுதான் காலை எடுக்கலாம். குமிழி நிற்கும்வரை செய்து, நடுநடுவே டப்பாவில் ஆயில் ஊற்றிக்கொண்டே இருங்கள். டாட் 3 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள். அவசரத்துக்குக்கூட எஞ்சின் ஆயில் ஊற்ற வேண்டாம், பிரேக் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவவும் வேண்டாம். உள்ளிருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிவிடும். டிரம் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.

எஞ்சின்

காலையில் ஸ்டார்ட் ஆகாதது வேறு கோளாறு; மத்தியானம் சூட்டில் ஆகாதது வேறு.

காலையில் ஆகவில்லை என்றால் சீட்டைத் தூக்கி ஒரு பிளக்கைக் கழற்றுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: ஃபில்டர், பம்பு, கார்புரேட்டர் ஜெட் என்று வரிசையாகப் பாருங்கள். நனைந்திருந்தால் கரண்ட் இல்லை, அல்லது சோக்கை அதிகம் இழுத்திருக்கிறீர்கள். பாயின்ட் உள்ள வண்டியில் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இடைவெளியை 0.4 முதல் 0.5 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். பிளக்குக்கு 0.7 முதல் 0.8. பாயின்ட் அடிக்கடி கருகினால் கண்டன்சரை மாற்றுங்கள்.

சித்திரை வெயிலில் மாட்டுத்தாவணி வரை போய், கால் மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் வண்டி எடுக்காது. சீட்டுக்கு அடியில் அடைபட்ட சூட்டில் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. சீட்டைத் தூக்கிக் காற்றாட விட்டு, பம்பின் மேல் மட்டும் ஈரத்துணி போட்டுக் காத்திருங்கள். பெட்ரோல் குழாய் எஞ்சினை உரசிப் போகிறதா என்றும் பாருங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் குழாய் அதைத் தாங்காமல் விரிசல் விடும். எத்தனாலுக்கு ஏற்ற குழாயாக எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கசிந்தால் உங்கள் சீட்டுக்கு அடியில்தான் கசியும்.

சூட்டு முள் ஏறினால் உடனே ஓரம் கட்டுங்கள். அலுமினியம் ஹெட் சூட்டில் வளைந்துவிடும். ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். பிறகு தண்ணீர் அளவு, ஃபேன் சுற்றுகிறதா, பெல்ட் என்று பாருங்கள். ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, ஆயில் பால் போல வெளுத்தாலோ ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. அதற்கு மேல் பட்டறை வேலை. மேலூர்ப் பக்கக் குவாரிச் சாலைகளில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டரை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

எல்லாம் முடிந்தபின், ஆள் நடமாட்டமில்லாத சாலையில் முதலில் 20, பிறகு 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்துப் பாருங்கள். வண்டி நேராக நிற்க வேண்டும். அப்படி நிற்கும்வரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள். அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு மலையேறவும் வேண்டாம். இறக்கத்தில் இரண்டாவது கியர் மட்டும் உங்களைக் காப்பாற்றாது. அதுவரை பஸ்ஸில் போய் வாருங்கள்.