ஃபஸ்கு சட்டம் பிறந்த வரலாறு



"கணவர் போன இடம் தெரியவில்லை. கடிதமும் இல்லை, செலவுக்குப் பணமும் இல்லை. தலாக்கும் சொல்லவில்லை. நான் மனைவியா, இல்லையா?"

நம் சகோதரிகளில் சிலர் கண்ணீரோடு கேட்கும் கேள்வி இது. இதற்கு நாட்டின் சட்டத்தில் இன்று விடை இருக்கிறது. அது தானாக வந்த விடையன்று. நம் உலமாக்கள் சட்டசபையின் கதவைத் தட்டிப் பெற்றுத் தந்தது.

ஃபஸ்கு என்றால் என்ன?

கணவன் வாழவும் வைக்காமல், தலாக்கும் கொடுக்காமல் இருக்கும்போது, தக்க காரணத்தைக் கொண்டு காஜி அந்த நிகாஹை ரத்துச் செய்வதே ஃபஸ்கு. மனைவியைத் துன்புறுத்துவதற்காகவே தடுத்து வைத்திருப்பதை அல்பகரா சூராவின் 231ஆம் வசனம் விலக்குகிறது.

காரணங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. காணாமற்போனவனின் மனைவி, அவன் வயதொத்தவர்கள் மறையும் காலம் வரை காத்திருக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் பழைய முடிவு. மாலிக்கி மத்ஹபில் காஜி நான்கு ஆண்டு தவணை கொடுப்பார். அதன்பின் அவள் 4 மாதம் 10 நாள் இத்தா இருக்க வேண்டும். செலவுக்குக் கொடுக்க இயலாதவனிடமிருந்து ஃபஸ்கு பெற ஷாஃபிஈ மத்ஹபில் வழியுண்டு. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் பெரும்பாலோர் ஷாஃபிஈகளே.

ஈமானுக்கு வந்த ஆபத்து

வட இந்தியாவில் பெரும்பாலோர் ஹனஃபிகள். வெள்ளையர் ஆட்சியில் காஜிகளுக்கு அதிகாரமும் இல்லாமற் போயிற்று. வேறு வழி காணாத பெண்களில் சிலர், குறிப்பாகப் பஞ்சாபில், மார்க்கத்தை விட்டு வெளியேறினால் நிகாஹ் முறிந்துவிடும் என்று அதையும் செய்தார்கள். கணவனிடமிருந்து தப்புவதற்காக ஈமானையே இழப்பதா? இதைவிடப் பெரிய நஷ்டம் ஏது?

மௌலானா அஷ்ரஃப் அலீ தானவி (ரஹ்) அவர்கள் மாலிக்கி அறிஞர்களிடம் ஃபத்வா பெற்று, நெருக்கடியில் அம்மத்ஹபின்படி தீர்ப்பளிக்கலாம் என்று 1930களின் தொடக்கத்தில் நூல் எழுதினார்கள். ஜம்இய்யத்துல் உலமா மசோதா தயாரித்தது. 1936இல் முஹம்மது அஹ்மது காஜ்மி அதை மத்திய சட்டசபையில் கொண்டுவந்தார். 1939இல் அது 8ஆம் சட்டமாக நிறைவேறியது.

கிடைத்ததும் கிடைக்காததும்

கணவன் நான்கு ஆண்டுகள் காணாமற்போனால், இரண்டு ஆண்டுகள் ஜீவனாம்சம் தராவிட்டால், ஏழு ஆண்டோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றால், மூன்று ஆண்டுகள் காரணமின்றி இல்லறக் கடமை தவறினால், கொடுமை செய்தால் மனைவி வழக்குத் தொடரலாம். வேறு சில காரணங்களும் உண்டு. காணாமற்போனவன் விஷயத்தில் தீர்ப்பு ஆறு மாதம் கழித்தே செல்லுபடியாகும். மதம் மாறுவதால் மட்டும் முஸ்லிம் பெண்ணின் நிகாஹ் முறிந்துவிடாது என்றும் சட்டம் கூறிற்று.

ஆனால் தீர்ப்பளிப்பவர் முஸ்லிம் நீதிபதியாக இருக்கவேண்டும் என்ற பிரிவு மசோதாவிலிருந்து நீக்கப்பட்டது. உலமாக்களுக்கு அது பெரும் மனக்குறை. ஆகவே நீதிமன்றத் தீர்ப்புப் பெற்ற சகோதரி, மறுமணத்துக்கு முன் மார்க்க நிலையை ஆலிமிடம் தெளிவுபடுத்திக் கொள்வதே பேணுதலாகும்.

நமக்குள்ள பாடம்

அந்த உலமாக்கள் பெண்களின் துயரை மறைக்கவில்லை. பரிகாரத்தை ஃபிக்ஹுக்குள்ளேயே தேடினார்கள். வெறும் கண்டனத்தோடு நில்லாமல், எழுதிய மசோதாவோடு சட்டசபைக்குச் சென்றார்கள்.

ஷரீஅத்தைக் காக்க மனுக் கொடுக்கும் நம் ஜமாஅத்துகள், தம் மஹல்லாவில் தொங்கலில் நிற்கும் சகோதரிகள் எத்தனை பேர் என்று முதலில் கணக்கெடுக்கட்டும். அவர்களின் முறையீட்டை ஆண்டுக்கணக்கில் ஒத்திப்போடும் நமக்கு, சட்டமன்றத்தில் போய் ஷரீஅத்தின் நீதியைப் பேச எப்படி வாய் வரும்?

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களில் நீதியை நிலைபெறச் செய்வானாக! ஆமீன்.