கழுத்தில் குழாயோடு அருவிக்குப் போகலாமா?

கேள்வி: அப்பாவுக்குக் கழுத்தில் டயாலிசிஸ் குழாய் போட்டிருக்கிறார்கள். சாரல் தொடங்கிவிட்டது. பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு குற்றாலத்தில் குளிக்கிறேன், மூலிகைத் தண்ணீர்தானே என்கிறார். விடலாமா?
- வாசகர், தென்காசி

பதில்: கூடாது. அந்தக் குழாயின் நுனி இதயத்தின் வாசல் வரை போயிருக்கிறது. தோலில் அது நுழையும் இடத்தில் ஈரம் தங்கினால் கிருமிக்கு நேராக ரத்தத்துக்குள் பாதை. மூலிகைக் காட்டைத் தொட்டு வந்தாலும் அருவி நீர் கிருமி நீக்கிய நீராகாது. மேலே குரங்கும் மிளாவும் இறங்குகிற ஓடைதானே அது! பேரருவி தலையில் அறையும் வேகத்துக்கு எந்தப் பிளாஸ்டரும் நிற்காது. ‘தொற்று ஆஸ்பத்திரியில்தானே வருகிறது’ என்று அவர் மடக்கினால், அதில் பாதி நியாயம் உண்டு; குழாயை ஆஸ்பத்திரியில் கையாளும் விதமும் முக்கியம். அமெரிக்காவின் மிச்சிகனில், கை கழுவுவது, குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைப்பது, தேவை முடிந்ததும் குழாயை எடுப்பது உள்ளிட்ட ஐந்து எளிய பழக்கங்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கறாராகக் கடைப்பிடித்தார்கள். 18 மாதங்களில் குழாய் வழியே ரத்தத்தில் ஏறும் தொற்று 66 சதவீதம் வரை குறைந்ததாக 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே குழாயைத் திறக்கும்போது நர்ஸும் அப்பாவும் மாஸ்க் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள். கையில் ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்த நாளங்களை இணைத்துச் செய்யும் வழி) தயாராகி, குழாயை எடுத்து, புண்ணும் ஆறியபின் டாக்டரைக் கேட்டுக்கொண்டு அழைத்துப் போங்கள். அதுவரை, நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.