சுழற்சிமானியைத் தேர்ந்தெடுத்தல்

திருப்பதி மாவட்டத்தின் கிழக்கே பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் விரிந்துள்ள இவ்வேரியை ஸ்ரீஹரிகோட்டாத் தீவு வங்கக் கடலினின்று பிரிக்கிறது. தெற்கே பழவேற்காட்டு முகத்துவாரத்தின் வழியே மீனவர்கள் ஃபைபர் படகுகளில் கடலுக்குச் செல்கின்றனர். கரை கண்ணுக்கு மறைந்தபின் எந்திரம் நின்றுவிட்டால் உயிருக்கே இடர் நேரலாம். ஆகவே, எந்திரத்தின் குறையைக் கரையிலேயே அறிந்துகொள்ள வேண்டும்.

எந்திரம் நிமிடத்திற்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதை அளக்கும் கருவி டேக்கோமீட்டர் ஆகும். தமிழில் இதனைச் சுழற்சிமானி என்பர். முழு வேகத்தில் எந்திரம் எட்ட வேண்டிய எண்ணைத் தயாரிப்பாளர் குறித்திருப்பார். அவ்வெண்ணை எட்டாவிடில், எரிபொருள் வடிகட்டி அடைபட்டிருக்கலாம். விசிறியில் வலைக்கயிறு சிக்கியிருக்கலாம். படகில் பளு மிகுந்திருக்கலாம். அவ்வெண்ணைத் தாண்டினால், விசிறி நீரைப் பற்றாமல் வழுக்கக்கூடும்.

மானியே பிழையாகக் காட்டினால் என்னவாகும்? நல்ல எந்திரத்தை வீணே பிரிப்பர். பழுதுற்றதைக் கடலுக்கு அனுப்புவர். எனவே, மானியைத் தேரும்போது மூன்றினை நோக்குக.

முதலாவது, பொருத்தம். ஸ்பார்க் பிளக் கம்பியிலிருந்து அளக்கும் மானி பெட்ரோல் எந்திரத்திற்கு உதவும். டீசல் எந்திரத்தில் ஸ்பார்க் பிளக் இல்லை. அதற்கு ஒளிக்கதிர் மானியே ஏற்றது. சுழலும் சக்கரத்தில் ஒட்டிய பளபளப்பான நாடாவில் ஒளி பட்டுத் திரும்பும். ஒரு சுற்றுக்கு ஒருமுறை மானி அதனை எண்ணும்.

இரண்டாவது, அமைப்பு. நான்கு வீச்சு எந்திரங்களுள் சிலவற்றில் இரு சுற்றுக்கு ஒரு பொறியும், வேறு சிலவற்றில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறியும் தோன்றும். இதற்கேற்ப மாற்றி அமைக்க இயலாத மானி, 3000 சுற்றினை 1500 என்றோ 6000 என்றோ காட்டிவிடும்.

மூன்றாவது, சோதனை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அலைவெண் உடையது. சோக்கு பொருத்திய பழைய குழல்விளக்கு அதில் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஒளிக்கதிர் மானியை அவ்விளக்கின் எதிரே பிடித்தால், 100 × 60 = 6000 என்று காட்ட வேண்டும்.

விலை மிகுந்ததே சிறந்தது என்று கருதற்க. சோதித்துத் தேர்ந்த மானியே நம்பத்தக்கது.

பயிற்சி

1. டீசல் எந்திரத்திற்கு ஒளிக்கதிர் மானி ஏற்றது ஏன்?
2. குழல்விளக்கின் எதிரே 5400 என்று காட்டும் மானியை வாங்கலாமா? காரணம் கூறுக.
3. பிரித்தெழுதுக: இவ்வேரி, அவ்வெண், அவ்விளக்கு.
4. உம் வீட்டில் உள்ள அளவுக்கருவி ஒன்றனைச் சோதிக்கும் முறையை ஐந்து தொடர்களில் எழுதுக.