பழைய கெனோபி வாங்கப் போகிறீர்களா?

தோட்டப்புறங்களுக்குத் துணியும் மாவும் ஏற்றிச் செல்லும் இரத்தினபுரி வியாபாரிக்குத் தார்ப்பாய் போதாது. அங்கு ஆண்டுக்கு 3,000 மி.மீ.க்கும் மேல் மழை. எனவே கெப் வாகனத்தின் பின்பெட்டியை மூடும் பாவித்த கெனோபி தேடி, சுமார் 100 கி.மீ. தாண்டிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குச் செல்கின்றனர். "ஹைலக்ஸுக்குரியது" என்ற வாய்ச்சொல்லை நம்பி வாங்காதீர்கள். சிங்கள் கெப்பின் பெட்டி நீளம், டபள் கெப்பினது குட்டை. மாடலுக்கு மாடல் அகலமும் மாறும். இரண்டு அங்குலம் பிசகி, கடைசியில் கோழிக்கூடான கெனோபிகளை நாம் கண்டதுண்டு! சொந்த வாகனத்தையே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்ப்பது மேல். லொறிக் கூலியும் மிச்சம்.

லொறியில்தான் அனுப்புவதென்றால், பழைய மெத்தைமேல் நிமிர்த்தி வையுங்கள். கூரைமேல் கயிற்றை அளவுக்கு மீறி இறுக்கினால் ஃபைபர் வெடிக்கும். பின்கண்ணாடிக் கதவைக் கழற்றித் தனியே சுற்றுங்கள். அடி இறப்பர் பட்டியைப் புதிதாக மாற்றி, தண்ணீர் ஊற்றிச் சோதித்த பிறகே சரக்கேற்றுங்கள்.